ஐம்பது அங்குலம்

கல்பெப்பர், வர்ஜீனியா
1984 ஏப்ரல் 24

நெல்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதை அடுப்பில் போட்டிருப்பாய். போடவில்லை என்றால் கடைசி வரை படித்துவிடு. அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு இந்த ஒன்பது வருடத்தில் நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போதும் உறவு கொண்டாடுவதற்காக எழுதவில்லை. குதிரை விஷயம்.

ஜனவரியில் உன் பண்ணைக்கு வந்து, பட்டன் என்ற சாம்பல் நிற மட்டக்குதிரையைத் தன் மகளுக்காக வாங்கிப்போன திருமதி பிராடஸ் உனக்கு நினைவிருக்கும். வாங்கிய பிறகுதான் அவள் பயிற்சிக்காக என் லாயத்துக்கு வந்தாள். குதிரையின் பிறப்புச் சான்றிதழில், வளர்த்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் பார்த்தேன். வேறு இடம் பாருங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மகள் டில்லிக்குப் பத்து வயது. கடிவாளத்தை அத்தனை மென்மையாகப் பிடிக்கிற பிள்ளையை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச்சில், பருவத்தின் முதல் போட்டியன்று அளந்தார்கள். கால்நடை டாக்டர் பட்டனை சிமெண்டுத் தளத்தில் நிறுத்தி, அளவுகோலைப் பக்கத்தில் நட்டு, குறுக்குக்கட்டையை அவளுடைய பிடரி முடிகிற இடத்தில், தோள்மேட்டின் மேல் இறக்கினார். நாற்பத்தொன்பதே முக்கால் அங்குலம். சின்னப் பிரிவுக்கு வரம்பு ஐம்பது. அளவு அட்டை கொடுத்துவிட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன்.

அதன்பிறகு மூன்று போட்டி, மூன்றிலும் நீல ரிப்பன். தாண்ட வேண்டிய இரண்டு வேலிக்கு நடுவே மற்ற சின்னக் குதிரைகள் நாக்குத் தள்ள ஓடி எட்டுகிற தூரத்தை இவள் கொட்டாவி விட்டுக்கொண்டே எட்டுகிறாள். அழகுக்கும் நிதானத்துக்கும் மார்க்குப் போடுகிற பிரிவு இது. நடுவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

எனக்குத்தான் தூக்கம் போனது. போன வாரம் அவள் தீவனத் தொட்டியில் முகத்தைப் புதைத்திருந்த நேரம், மேலே படாமல் ரசமட்டத்தைப் பிடித்துச் சுவரில் கோடு போட்டேன். ஐம்பத்தொன்றே கால்.

இன்னொன்றும் இருக்கிறது. சுற்று முடிந்ததும் பிள்ளைகள் குதிரையைத் தட்டிக்கொடுப்பார்கள் அல்லவா? டில்லியின் கை தோள்மேட்டை நெருங்கியதும் பட்டன் முதுகை உள்ளே இழுத்துக்கொண்டு தாழ்ந்து போகிறாள். வேலியோரம் நிற்கிற தாய்மார்களுக்கு மனம் குளிர்ந்துபோகிறது. "ஐயோ, பாருங்களேன், சலாம் போடுது!" என்கிறார்கள். அந்தச் சலாமை எனக்குப் பத்தொன்பது வயதிலேயே தெரியும்.

உன் பண்ணையில் அவளை அளந்தது யார்? எதை வைத்து அளந்தீர்கள்? எத்தனை முறை? இவ்வளவுதான் கேட்கிறேன்.

ஆர்டிஸ்


ராக்பிரிட்ஜ்
மே 3

துப்பறியும் சகோதரி அவர்களுக்கு,

அடுப்பில் போடவில்லை. என் வீட்டுக்காரர் ஆமோஸ்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். "உங்கக்கா கடுதாசி போட்டிருக்கா. பாம்புக் கூடை மாதிரி மேசை ஓரத்துல வெச்சிருக்கேன், நீயே திறந்துக்கோ" என்றார். திறந்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

உன் கேள்விகளுக்குப் பதில். அளந்தது நான். பட்டனுக்கு மூன்று வயதானதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், தேவாலயத்திலிருந்து வந்து உடுப்பு மாற்றியதும், நானே அளந்து நோட்டில் எழுதியிருக்கிறேன். நாலு வயதில் ஐம்பதரை. ஐந்தில் ஐம்பது. பிராடஸ் அம்மாள் வாங்கிய வாரம் நாற்பத்தொன்பதே முக்கால். குளம்பை ஒழுங்காகச் சீவி வைத்தால் அளவு சீராக வரும், லாடக்காரரைக் கேட்டுப்பார். உன் டாக்டரும் அதே எண்ணைத்தானே சொன்னார்? இரண்டு பேரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டோமா?

எதை வைத்து என்று கேட்டாய். அப்பாவின் கோலை வைத்து. வால்நட் மரம், பித்தளைப் பூண், குறுக்குக்கட்டையின் அடியில் அவரே தைத்த தோல். "நல்லா அழுத்திப் பிடிம்மா, முடி படியணும், அப்பத்தான் சரியான அளவு" என்று எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். நீ உதறிவிட்டுப் போன வீட்டில் எனக்கு மிஞ்சியது அந்தக் கோல்தான்.

இப்போது நான் கேட்கிறேன். பட்டன் மூன்று மாதமாக உன் லாயத்தில் இருக்கிறாள். கையைக் கண்டு பயப்படுகிறாள் என்றால் யாருடைய கையை முதலில் பார்க்க வேண்டும்? அவளுடைய தம்பிகள் இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் விற்கலாம் என்றிருக்கிறேன். பட்டன் ஜெயித்தால் அவர்களுக்குப் பேர். பட்டன் மேல் சேறு விழுந்தால் என் பண்ணையை எட்டிப்பார்க்க நாய்கூட வராது. உன் குறி எங்கே என்று எனக்குப் புரியாமல் இல்லை.

உனக்கு இது புதிதும் இல்லை. 1957-இல் போட்டியை மேற்பார்வையிட்ட ஸ்டூவர்டின் முன்னால் போய் நின்று, "எங்கப்பா மட்டக்குதிரைங்கள குத்திக் குத்திக் குனியப் பழக்குறார்" என்று சொன்னாய். லாயத்தைப் புரட்டிப்போட்டுத் தேடினார்கள். ஒரு குண்டூசிகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் பெற்ற மகளே சொல்கிறாளே என்று ஆயுளுக்கும் தடை விதித்தார்கள். பதினெட்டு வருடம் ஒரு போட்டி மைதானத்துக்குள்ளும் கால் வைக்காமலே அவர் செத்துப்போனார். அடக்கத்தன்று உன்னைக் குடும்ப வரிசையில் உட்கார விடாதவள் நான்தான். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

உன்னைப் பற்றித் திருமதி பிராடஸுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

நெல்


கல்பெப்பர்
ஜூன் 12

நெல்,

உன் கடிதத்தைத் திருமதி பிராடஸ் என்னிடம் காட்டினாள். படித்து முடிக்கிற வரை எதிரிலேயே நின்றாள். "உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானா, இல்ல நீங்க ரெண்டு பேர் மட்டுமா?" என்று கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்குமே வாய் நீளம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இங்கே மற்றவர்களும் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரே ஹோல்கம் என்று ஒருத்தன், பக்கத்து மாவட்டத்தில் லாயம் வைத்திருக்கிறான். ஆறு வருடமாகச் சின்னப் பிரிவு அவனுடைய சொத்து மாதிரி இருந்தது. சனிக்கிழமை காபி வண்டியருகே, நாலு பேருக்குக் கேட்கும்படி, "ஆர்டிஸ், உன் மட்டக்குதிரைக்கு என்ன தீனி போடற? வேலி தாண்டறப்ப ஒட்டகமா இருக்கு, அளக்கறப்ப ஆட்டுக்குட்டியாயிடுது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "உன் குதிரைங்க ரெண்டு எடத்துலயும் கழுதையாத்தான இருக்கு" என்று நானும் திருப்பிக்கொடுத்தேன். ஆனால் புகார் கொடுக்க அவனுக்கு உரிமை உண்டு. கொடுத்தால் மறுபடி அளப்பார்கள். அளந்தாலும் இவள் தாழ்ந்து காட்டித் தப்பித்துவிடுவாள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

என் லாயத்தில் வேகத் தாண்டல் ஓடுகிற பெரிய குதிரைகளும் உண்டு. அங்கே கடிகாரம் பேசும். கம்பு விழுந்தால் விழுந்ததுதான், என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்தப் பிரிவில் எல்லாம் பிறர் கண்ணில் இருக்கிறது. ஒருமுறை கண்ணில் தூசி விழுந்தால் அப்புறம் நான் எதைச் செய்தாலும் தப்பாகத்தான் தெரியும்.

நீ என்னைச் சந்தேகப்படுகிறாய். சரி, நானும் என் ஆட்களைச் சந்தேகப்பட்டேன். ஒரு வாரம் வேறு யாரையும் அவள் பக்கம் விடாமல் நானே பார்த்தேன். துடைப்பக் கட்டையை அவள் முதுகில் வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேணத்தை வைத்தேன், சும்மா நின்றாள். அளவுகோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். தொடுவதற்கு முன்னாலேயே தாழ்ந்துவிட்டாள். என்னிடம் வந்த மறுநாள் போர்வை போடக் கை நீட்டியபோதும் இப்படித்தான் செய்தாள். புது இடம், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் அப்போது அளவுகோலே கிடையாது.

அப்பாவின் கோலை வைத்துத்தான் அளக்கிறாய் என்று நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்தக் குறுக்குக்கட்டையின் அடியைக் கையால் தடவிப் பார். உனக்காக இல்லாவிட்டாலும் அந்தத் தம்பிகளுக்காகவாவது பார்.

ஆர்டிஸ்


ராக்பிரிட்ஜ்
ஜூன் 20

ஆர்டிஸ்,

பார்த்தாயிற்று. ஆமோஸையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, வெயிலில் கொண்டுபோய், உள்ளங்கையால் தடவிப் பார்த்தாயிற்று. வெண்ணெய் மாதிரி இருக்கிறது. "என்னத்தத் தேடற?" என்று ஆமோஸ் கேட்டார். "எங்கக்காவோட மனசாட்சிய" என்றேன்.

செத்தவரின் பொருளைக்கூட விட்டுவைக்க மாட்டேன் என்கிறாயே, உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா? அன்றைக்கு அவரிடம் ஊசியைத் தேடினாய். இன்றைக்கு என்னிடம் தேடுகிறாய். உன் குதிரைகள் உண்மையாக ஜெயித்தாலே உனக்குத் தாங்காது போலிருக்கிறது.

ஜூலை போட்டிக்கு நான் வருகிறேன். உன்னைப் பார்க்க இல்லை. பட்டனை நீ என்ன பாடு படுத்துகிறாய் என்று என் கண்ணால் பார்க்க வருகிறேன்.

நெல்


கல்பெப்பர்
ஜூலை 16

நெல்,

வந்தாய். நீலத் தொப்பி போட்டுக்கொண்டு பயிற்சி மைதானத்து வேலியோரம் நின்றாய். நான் டிரெய்லருக்குப் பின்னால் இருந்தேன், உனக்குத் தெரியாது.

டில்லி பட்டனை நடத்தி வந்தாள். உன்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. "எங்குதிரைக்கு காரட்னா உசுரு, குடுக்கறீங்களா?" என்று உன் கையிலேயே ஒன்றைக் கொடுத்தாள். நீ ஏதோ சொன்னாய், பட்டன் உன் குரலைக் கேட்டாள். காரட்டுக்குக் கழுத்தை நீட்டுவதற்கு முன்னால், நீ கையைத் தூக்குவதற்கும் முன்னால், அந்த இடத்திலேயே தாழ்ந்து போனாள். "பாத்தீங்களா, உங்களுக்குக்கூட சலாம் போடறா!" என்று அந்தப் பிள்ளை குதித்தது. நீ கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாய்.

டில்லியிடம் கையைக் கண்ட பிறகுதான் தாழ்கிறாள். என்னிடம் கோலைக் கண்ட பிறகு. உன்னிடம் குரலைக் கேட்டதுமே.

என்னைப் பார்க்காமல் போய்விட்டாய். நல்லதுதான். பார்த்திருந்தால் அத்தனை பேர் நடுவில் ஏதாவது சொல்லியிருப்பேன். இனி எனக்குச் சந்தேகம் இல்லை. செய்தது நீதான். எப்படி என்பதுதான் தெரியவில்லை. அவருடைய மகள் என்று நிரூபித்துவிட்டாய்.

ஆர்டிஸ்


ராக்பிரிட்ஜ்
ஆகஸ்ட் 9

ஆர்டிஸ்,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை அனுப்பிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு ஞாயிறு நான் யாரையும் அளக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, உனக்காக நான் ஏன் என் வழக்கத்தை விட வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. பட்டனின் சின்னத் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவன் வெள்ளைக் குட்டி, பால் மாதிரி இருப்பான். வழக்கம்போலக் கட்டையை இறக்கி அழுத்தினேன். உன் மேலிருந்த கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தியிருப்பேன். அவன் முனகிக்கொண்டு தாழ்ந்தான். கட்டையைத் தூக்கினால், அந்த வெள்ளை முடியில் ஒரு பொட்டு இரத்தம்.

அடுப்பங்கரைக் கத்தியை எடுத்து வந்து தோலைக் கிழித்தேன். உள்ளே ஓர் ஆணி. தலையை வெட்டி, முனையை அரத்தால் ராவி, மரத்தில் இறக்கியிருக்கிறது. அதைச் சுற்றி மெத்தென்று கம்பளி வைத்துத் தைத்திருக்கிறது. தடவினால் ஒன்றும் தெரியாது. அழுத்தினால்தான் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நீ தடவிப் பார் என்றாய், நான் தடவினேன். அழுத்திப் பார்க்கவில்லை.

அந்தத் தையல் அவருடையது. அந்த இரட்டை முடிச்சை நம் இரண்டு பேருக்கும் தெரியும். வேறு யாராவது செய்திருக்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். யாரும் கிடைக்கவில்லை.

மூன்று வருடம், வாரா வாரம், நானே குத்தியிருக்கிறேன். பட்டனை வளர்த்தவள் நான். தாய் பால் கொடுக்க மறுத்தபோது புட்டியில் பால் கொடுத்தவள் நான். ஜூலையில் அவள் என் குரலுக்குத் தாழ்ந்தாள் என்று எழுதினாயே, அந்த வரியை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆமோஸிடம்கூடச் சொல்லவில்லை. அக்டோபரில் மண்டல இறுதிப் போட்டி. அது முடிந்ததும் பட்டனை நானே எப்படியாவது திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அதுவரை பேசாமல் இருக்க முடியுமா? தெரிந்தால் தம்பிகளை யாரும் தொடமாட்டார்கள். அப்பா பெயர் கல்லறையிலும் நாறும். கோலை ஒளித்து வைத்திருக்கிறேன்.

நெல்


கல்பெப்பர்
ஆகஸ்ட் 15

நெல்,

இருபத்தேழு வருடமாக நான் இந்தக் குடும்பத்தின் பொய்க்காரி. அம்மா சாகிற வரை என் கிறிஸ்துமஸ் அட்டைகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். உன் கடிதத்தைச் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். அழுவேன் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. அந்தக் கிழவன் ஊசியை எங்கே வைத்திருந்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தாறு வயது ஆக வேண்டியிருக்கிறது.

பேசாமல் இருக்க முடியாது. டில்லி ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அந்தக் குதிரையைத் தட்டிக்கொடுக்கிறாள். அது பயத்தில் சுருங்குகிறது, அந்தப் பிள்ளை அன்பு என்று நினைத்துக்கொள்கிறது. அதை அக்டோபர் வரை நின்று பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறாய்.

என் குதிரை மேல் நானே புகார் கொடுக்கப் போகிறேன். ஆனால் உன் பெயரைச் சொல்லமாட்டேன், அவர் பெயரையும் சொல்லமாட்டேன். அளவு தப்பு என்று மட்டும் சொல்வேன். ஒருமுறை பெயர் சொன்னதற்கே எனக்கு வீடு இல்லாமல் போனது.

ஆர்டிஸ்


கல்பெப்பர்
அக்டோபர் 8

நெல்,

என் ஆகஸ்ட் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒரு கேள்வி.

புகார் கொடுத்தேன். இரண்டு டாக்டர்கள், போட்டிக் குழுத் தலைவர், சமதளம், புதுக் கோல். பட்டன் கோலைக் கண்டதும் தாழ்ந்தாள். நாற்பத்தொன்பதே முக்கால். மறுபடி அளந்தார்கள், அதே எண். "இவ நிமிர்ந்து நிக்கறப்ப அளங்க, தீனி வெச்சு அளங்க" என்று கெஞ்சினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, முப்பது வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன். எங்குதிரை சின்னது சின்னதுன்னு சண்டை போடறவங்களத்தான் பாத்திருக்கேன். பெரிசுன்னு சண்டை போட வந்த ஒரே ஆள் நீங்கதான்" என்றார். சட்டத்தில் கோல் ஒன்றுதான், சுவர்க் கோட்டுக்கு அங்கே மதிப்பில்லை. குனியப் பழக்கியிருக்கிறார்கள் என்றேன். "யாரு பழக்குனது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். குழுவின் முன்னால் நான் சொன்ன முதல் பொய் அது.

பட்டனுக்கு இந்த வருடம் ஆறு வயது என்பதால் வாழ்நாள் அட்டையே கொடுத்துவிட்டார்கள். இனி அவளை யாரும் அளக்கமாட்டார்கள்.

இறுதிப் போட்டியிலிருந்து அவளை விலக்குகிறேன் என்று திருமதி பிராடஸிடம் சொன்னேன். "எம்பொண்ணு ஜெயிக்கறது உங்களுக்கு ஏன் இத்தன கசக்குது? உங்க தங்கச்சி எழுதினதுல தப்பே இல்ல" என்றாள். அன்று மாலையே டிரெய்லர் வந்தது. ரே ஹோல்கம் அனுப்பியது. ஒட்டகம் என்று சிரித்தானே, அவனேதான். ஏற்றிக்கொண்டு போனான். டில்லி மட்டும் கடைசியாக என்னிடம் வந்து, "மிஸ் ஆர்டிஸ், அவ என்னப் பாத்து பயப்படறாளா?" என்று கேட்டாள். அம்மா கூப்பிட்டுவிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை இறுதிப் போட்டி. நான் போய்க் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். பட்டன்தான் சாம்பியன். ரிப்பன் மாட்டும்போது டில்லி அவளைத் தட்டிக்கொடுக்கவில்லை. ஹோல்கம்தான் தட்டினான். கூட்டம் கைதட்டியது.

என் லாயத்தை விட்டு இன்னும் இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. பைத்தியக்காரி என்று பேசிக்கொள்கிறார்களாம். அது இருக்கட்டும்.

என் கேள்வி இதுதான். உன் மே மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நாலு வயதில் ஐம்பதரை, ஐந்தில் ஐம்பது, கடைசியில் நாற்பத்தொன்பதே முக்கால். இத்தனை வருடம் குதிரை வளர்க்கிறவள் நீ. வயது ஏற ஏறக் குட்டையாகிற குதிரையை எங்காவது பார்த்திருக்கிறாயா? அழுத்தினால் ஆணி வரும் என்று உனக்குத் தெரியாது, நம்புகிறேன். ஆனால் எதுவுமே தெரியாதா? 1957-இல் உனக்குப் பதினொரு வயது. பள்ளிவிட்டு வந்தால் நீ லாயத்திலேதான் கிடப்பாய்.

கோபத்தில் கேட்கவில்லை. கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது. தெரியாமல் இருக்க முடியவில்லை, அதனால் கேட்கிறேன்.

ஆர்டிஸ்


ராக்பிரிட்ஜ்
அக்டோபர் 17

ஆர்டிஸ்,

உன் கடிதம் வந்த மறுநாளே கோலைத் துணியில் சுற்றிக் குழுத் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். கிழித்த தோலோடும் ஆணியோடும். கூடவே கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம். செய்தது எங்கள் அப்பா ஹோரஸ் பெய்டன், தெரியாமல் மூன்று வருடம் அதைப் பயன்படுத்தியது நெல் வைக்கர்ஸ், 1957-இல் ஆர்டிஸ் பெய்டன் சொன்னது அத்தனையும் உண்மை என்று எழுதினேன். தலைவர் போன் செய்தார். பட்டனின் அட்டையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். கோலைக் கண்டு பயப்படாமல் நிற்கப் பழக்கிய பிறகு, வசந்தத்தில் அளந்து பார்ப்பார்களாம். திருமதி பிராடஸுக்கும் எழுதினேன். டில்லிக்கு நானே தனியாக எழுதினேன், பயம் அவளைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து என்று. தம்பிகளை வாங்குவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. வரமாட்டார்கள்.

ஆமோஸிடமும் சொல்லிவிட்டேன். "உங்கக்காவுக்கு ஒரு போன் போடேன்" என்றார். போனில் என்னால் முடியாது.

குழுவுக்கு எழுதிய கடிதத்தில் 'தெரியாமல்' என்று ஒரு வார்த்தை போட்டேன். அந்த ஒரு வார்த்தையால்தான் உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுத முடியாமல் கிடந்தேன்.

பட்டன் விஷயத்தில், ஆணி தெரியாது. அது சத்தியம். ஆனால் எண் குறைந்தது தெரியும். முதல் தடவை குறைந்தபோது மறுபடி அளந்து பார்க்கலாமா என்று தோன்றியது. அளக்கவில்லை. ஐம்பதுக்குக் கீழே வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வந்தது. அவள் தாழ்வதையும் பார்த்தேன். சமர்த்து என்று சொல்லிச் சர்க்கரைக்கட்டி கொடுத்தேன்.

இன்னொன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ புகார் சொன்ன அந்த ஜூனில் ஸ்டூவர்டு வீட்டுக்கு வந்தார். நீ அப்போது மாடியில் இருந்தாய். அவர் என்னை முன்கூடத்தில் உட்காரவைத்து, நல்ல விதமாகத்தான் கேட்டார். "குட்டிம்மா, உங்கக்கா சொல்றது நெஜமா? நீ ஏதாச்சும் பாத்தியா?" அப்பா கதவருகே நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னேன். எங்கக்கா எப்பவுமே அப்பாவ வெறுப்பா என்றும் சொன்னேன். அதை யாரும் சொல்லித்தரவில்லை, நானாகச் சேர்த்துச் சொன்னது.

அந்த வருடம் நம்மிடம் பெப்பர் என்று ஒரு கருப்புக் குதிரை இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். பனிக்காலத்தில் ஒருநாள் அதன் தோள்மேட்டில் கடுகளவு ஒரு பொருக்கைப் பார்த்தேன். அடுத்த வாரம் பக்கத்திலேயே இன்னொன்று. அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "குதிரை ஈ கடிச்சிருக்கு செல்லம். களிம்பு டப்பா அங்க இருக்கு பாரு, நீயே போட்டுவிடு" என்றார். நான் தினமும் பள்ளிவிட்டு வந்து என் விரலால் போட்டுவிட்டேன். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும், அதனால் களிம்பை முதலில் மூச்சுவிட்டு இளக்கிக்கொள்வேன். அது ஜனவரி, ஆர்டிஸ். குதிரைகள் குடிக்கிற வாளியில் தண்ணீர் உறைந்துபோய், தினமும் நான்தான் சுத்தியலால் உடைப்பேன். வர்ஜீனியாவில் ஜனவரியில் ஈ இருக்காது என்று எனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும்.

நெல்